பெட்டியும் முன்குறியும்

விதிநூல்களை யாரும் வாசிப்பின்பம் கருதி எடுப்பதில்லை. ஆயினும் ஒரு விளையாட்டின் வரலாற்றை அதன் விதிநூலின் பின்னிணைப்புகளிலேயே வாசித்துவிட முடியும் என்பது எங்கள் அனுபவம். யார் எதைக் கண்டுபிடித்தார், அதனால் எவரெல்லாம் வெகுண்டார்கள், எந்தச் சமரசத்தில் சண்டை ஓய்ந்தது என்பதெல்லாம் அங்கே மில்லிமீட்டர்களாகவும் கிராம்களாகவும் படிந்து கிடக்கின்றன. பிராக்டிகல் ஷூட்டிங் எனப்படும் கைத்துப்பாக்கிப் போட்டியின் சர்வதேச விதிநூலில், ஸ்டாண்டர்ட் என்னும் பிரிவுக்கென்று ஒரு பெட்டி வரையறுக்கப்பட்டிருக்கிறது. உள்ளளவு 225 மி.மீ. நீளம், 150 மி.மீ. உயரம், 45 மி.மீ. அகலம். வெற்று மேகசின் செருகிய நிலையில் போட்டியாளரின் துப்பாக்கி முழுவதுமாக அதற்குள் அடங்க வேண்டும். பெட்டி ஒரு மில்லிமீட்டர் வரை பெரிதாக இருக்கலாம். சிறிதாக இருக்கக் கூடாது. துப்பாக்கி அடங்காவிட்டால் போட்டியாளர் ஓப்பன் என்ற வேறொரு பிரிவுக்கு மாற்றப்படுவார். அங்கே தன்னைவிடப் பலமடங்கு வசதியான கருவிகளோடு அவர் மோத வேண்டும்.

அமெரிக்காவில் வசிக்கும் நாங்கள் இருவரும் பதினைந்து ஆண்டுகளாக இப்போட்டிகளில் கலந்துகொண்டு வருகிறோம். எங்களில் மூத்தவர் ஐம்பதுகளின் நடுவில் இருப்பவர். இளையவர் நாற்பதைத் தொட்டவர். பரிசு வாங்கும் ரகம் அல்ல நாங்கள். தேர்ச்சி நிலைகளை ஜி.எம்., எம்., ஏ, பி, சி, டி என்று வகுத்திருக்கும் பட்டியலில் நாற்பது சதவீதத்துக்கும் அறுபது சதவீதத்துக்கும் இடைப்பட்ட 'சி' வகுப்பில் நெடுங்காலம் குடியிருந்தவர்கள். கவிதையும் நாவலும் பேசும் நண்பர்களிடம் இந்தப் பழக்கத்தைச் சொல்லும்போது எழும் மௌனத்தை நன்கறிவோம். அந்த மௌனத்துக்கும் இக்கட்டுரையில் வருவோம். அதற்கு முன்பு, கருவிகளைப் பற்றிய விதிகள் எதற்காக இருக்கின்றன, அவை ஒரு மனிதனின் கண்ணைச் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

இவ்விளையாட்டு விதிகளுக்கு எதிரான ஒரு சலிப்பிலிருந்து பிறந்தது. பழைய இலக்குச் சுடுதலில் போட்டியாளர் ஓரிடத்தில் நின்று, ஒற்றைக் கையை நீட்டி, வட்டங்கள் வரைந்த தாளை நிதானமாகச் சுடுவார். 1950-களில் கலிபோர்னியாவின் பிக் பேர் பகுதியில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் படை வீரரும் அவரது கூட்டாளிகளும் நடத்திய போட்டிகளில் இப்படியான கட்டுப்பாடுகள் இல்லை. உறையிலிருந்து உருவி, இலக்கை யார் முதலில் அடிக்கிறார் என்பதே கேள்வி. பலரும் இடுப்பருகிலிருந்தே சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து ஷெரிஃப் துறையில் பணியாற்றிய ஜாக் வீவர், துப்பாக்கியை இரு கைகளாலும் பிடித்துக் கண்மட்டத்துக்கு உயர்த்திக் குறிபார்த்துச் சுட்டார், வெல்லவும் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் எல்லோரும் அவ்வாறே சுட்டார்கள். இன்று உலகெங்கும் காவல் துறையினர் இரு கைகளால் துப்பாக்கி பிடிப்பதன் பின்னால் அந்தச் சுதந்திரமான மைதானத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஒற்றைக் கைதான் முறை என்று எவரேனும் விதி எழுதியிருந்தால், வீவரின் முறை அந்தப் போட்டிகளில் கண்டறியப்பட்டிருக்காது.

முதல் உலகப் போட்டி 1975-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்தது. அமெரிக்கரான ரே சாப்மன் வென்றார். மறு ஆண்டு, 1976 மே மாதத்தில், மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடியவர்கள் ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசக் கூட்டமைப்பை நிறுவினார்கள். கூப்பர் அதன் முதல் தலைவர். மூன்று இலத்தீன் சொற்கள் அதன் குறிக்கோளாயின: டிலிஜென்ஷியா, விஸ், செலெரிட்டாஸ். துல்லியம், ஆற்றல், வேகம். மூன்றும் சமம், ஒன்றை மற்றொன்றுக்காக விட்டுக்கொடுக்கலாகாது என்பது கொள்கை. கொள்கையைக் கணக்காக மாற்றிய விதம் அழகானது. இலக்கின் நடுப்பகுதி ஏ. அங்கே பட்டால் 5 புள்ளி. அதைச் சுற்றி சி, விளிம்பில் டி. தவறவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் 10 புள்ளி கழியும். மொத்தப் புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர். எட்டு இலக்குகளில் இரண்டிரண்டு குண்டுகளை ஏ-யில் வைத்தால் 80 புள்ளி. அதைப் பத்து நொடியில் செய்தால் 8. அந்தக் களத்தில் உயர்ந்த எண் பெற்றவருக்கு முழு மதிப்பெண். ஏனையோருக்கு அவரோடு ஒப்பிட்ட விகிதத்தில். நிதானமும் அவசரமும் ஒரே பின்னத்தின் மேலும் கீழுமாக அமர்ந்திருக்கின்றன. இரண்டில் எதைக் கைவிட்டாலும் விடை குறையும்.

துல்லியத்தையும் வேகத்தையும் அளந்தாயிற்று. ஆற்றலை எப்படி அளப்பது? தொடக்கத்தில் பாலிஸ்டிக் பெண்டுலம் என்ற ஊசலைப் பயன்படுத்தினார்கள். 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் பீரங்கி நூலில் விளக்கிய அதே முறை: தொங்கும் கனத்தின்மீது குண்டு மோத, அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. பின்னர் க்ரோனோகிராஃப் வந்தது. குண்டின் எடையைக் கிரெயினிலும் அதன் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது பவர் ஃபேக்டர். 125-ஐ எட்டினால் மைனர். ஸ்டாண்டர்ட் பிரிவில் சர்வதேச விதிப்படி 170-ஐ எட்டினால் மேஜர். அமெரிக்கக் கிளையான யு.எஸ்.பி.எஸ்.ஏ.-வில் 165. நாற்பது காலிபர் துப்பாக்கியில் 180 கிரெயின் குண்டு நொடிக்கு 950 அடி பறந்தால் 171, தேறிவிடும். மேஜருக்கு என்ன சலுகை? சி-யில் பட்டால் 3-க்குப் பதில் 4 புள்ளி, டி-யில் 1-க்குப் பதில் 2. மேலே சொன்ன எட்டு இலக்குகளில் நான்கு குண்டுகள் சி-யில் விழுந்தால் மேஜர்காரருக்கு 76, மைனர்காரருக்கு 72. அதே 8 என்ற விடையைப் பெற முன்னவர் 9.5 நொடியில் முடித்தால் போதும். பின்னவர் 9 நொடியில் முடிக்க வேண்டும். கூடுதல் உதைப்பைத் தாங்கிச் சுடுபவருக்கு அரை நொடி கூலி. நியாயமான கூலி என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கூலியை உதைப்பே இல்லாமல் பெற முடியுமா என்று யோசித்தவர்களால்தான் 1980-கள் கலகலத்தன. 1929-இல் கோல்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய .38 சூப்பர் என்ற பழைய தோட்டாவை எடுத்தார்கள். இலேசான குண்டு, அதிக அழுத்தம், நிறைய வாயு. குழலின் நுனியில் காம்பன்சேட்டர் என்ற துளைகளிட்ட உலோகத் துண்டைப் பொருத்தினால், அவ்வாயு மேல்நோக்கிச் சீறித் துப்பாக்கியின் மூக்கைக் கீழே அழுத்தும். சுட்டபின் துப்பாக்கி எகிறாமல் கிடக்கும். அப்போது மேஜர் எல்லை 175. அதை எட்ட மருந்தைத் திணித்ததில், அடிப்புறம் முழுதாகத் தாங்கப்படாத குழல்களில் பித்தளைக் கூடுகள் வெடித்து, சூடான துகள்கள் சுடுபவரின் முகத்திலேயே தெறித்தன. 'சூப்பர் ஃபேஸ்' என்று இதற்கு ஒரு பெயரே இருந்தது. கூட்டை முழுதாகத் தாங்கும் குழல்கள் வந்தன. எல்லையும் பிற்பாடு குறைக்கப்பட்டது. 1990-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியை டக் கோனிக், முன்குறியும் பின்குறியும் இல்லாமல், கண்ணாடிக்குள் மிதக்கும் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்த்து வென்றார். அத்துடன் பழைய துப்பாக்கிகள் பழையனவாயின.

இங்கேதான் சுதந்திரம் தன் விலையைக் காட்டியது. எவர் எதையும் பயன்படுத்தலாம் என்ற மைதானத்தில், வாங்க முடிந்தவரே பயன்படுத்துவார். தேர்ந்த கம்மியர் கையால் செய்து முடித்த ஒரு ஓப்பன் துப்பாக்கிக்கு இன்று நான்காயிரம், ஐயாயிரம் டாலர் சாதாரணம். பொதுக் கடையில் கிடைக்கும் க்ளாக் அறுநூறு டாலர் அளவில் கிடைத்துவிடும். புதிதாக வரும் இளைஞன் இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே பிரிவுகள் வந்தன. எல்லாம் செல்லுபடியாகும் ஓப்பன். காம்பன்சேட்டரும் மின்னணுக் குறியும் இல்லாத ஸ்டாண்டர்ட், அமெரிக்காவில் அதற்கிணையான லிமிடெட். சுழல் துப்பாக்கிக்கென ரிவால்வர். 2000-ஐ ஒட்டி, கடையில் விற்கும் வடிவிலேயே, எல்லோருக்கும் மைனர் புள்ளி என்ற நிபந்தனையோடு ப்ரொடக்‌ஷன். அமெரிக்காவில் பத்துத் தோட்டாவுக்கு மேற்பட்ட புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கச் சட்டம் 1994 முதல் 2004 வரை தடைவிதித்திருந்தது. பழைய மேகசின்களின் விலை ஏற, வாங்க முடியாதவர்களுக்கென்று லிமிடெட்-10 என்ற பிரிவு பிறந்தது. நாட்டின் சட்டம் விளையாட்டின் விதிநூலில் விட்ட தடம் அது.

இத்தனை பிரிவுகளும் சேர்ந்து சொல்வது ஒன்றைத்தான்: எது கையின் திறன், எது கருவியின் திறன் என்பதற்கிடையே எங்கேனும் ஒரு கோடு போடவேண்டும். கோட்டை எங்கே போடுவது என்பதற்கு இயற்கையில் விடை கிடையாது. 225 மில்லிமீட்டர் என்பதில் தெய்வச் சம்மதம் ஏதுமில்லை. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரில் முடியவேண்டும் என்பதிலும் அப்படி ஏதும் இல்லை. ஆனால் எல்லை போட்டபின் அதற்குள் நடக்கும் கற்பனை உண்மையானது. க்ளாக்கின் 17எல் என்ற நீளக் குழல் துப்பாக்கி 225-ஐத் தாண்டியதால் பெட்டிக்குள் அடங்காது. 1998-இல் வந்த க்ளாக் 34 அடங்கும். துப்பாக்கி உருவாக்குவோர் மனத்தில் அந்தப் பெட்டி ஓர் அச்சாகவே ஆகிவிட்டது. ஒரு மில்லிமீட்டரைக்கூட வீணாக்காமல் குழலின் நீளத்தையும் மேகசினின் உயரத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் வித்தையை நாங்கள் வியந்து பார்த்திருக்கிறோம்.

எல்லைக்குள்ளே ஒருவர் தம் துப்பாக்கியைத் தமக்கேற்பச் சீர்செய்துகொள்வது தனிக் கலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் ஏதோ பெரிய இரகசியம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் இது ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் வணிகம். ஸ்லைடைப் பின்னிருந்து முன்னே தள்ளும் சுருள்வில்லை இலேசாக்கினால், ஸ்லைடு முன்வந்து மோதும்போது மூக்கு தாழ்வது குறையும். குறி விரைவில் திரும்பும். மிகவும் இலேசாக்கினால், அழுக்கு படிந்த ஒரு நாளில் ஸ்லைடு முழுவதும் மூடாமல் நின்றுவிடும். சுத்தியலின் வில்லை மென்மையாக்கினால் விசை இதமாகும். ஆனால் தோட்டாவின் பின்னுள்ள பிரைமரைச் சுத்தியல் போதிய வலுவோடு தட்டாது. 'க்ளிக்' என்ற ஓசை மட்டும் கேட்கும். பிரைமர்களில் ஃபெடரல் மென்மையானது என்பதால் அதற்காகவே பெட்டி பெட்டியாக வாங்கி வைப்பவர்கள் உண்டு. சர்வதேசப் ப்ரொடக்‌ஷன் பிரிவில் விசையை அளப்பதற்கும் எடைகள் வைத்திருந்தார்கள்: முதல் சுடுதலுக்கு 2.27 கிலோ, அல்லது எல்லாச் சுடுதலுக்கும் 1.36 கிலோ. தொங்கவிட்ட எடையைத் தாங்காமல் சுத்தியல் விழுந்தால் துப்பாக்கி தேறவில்லை என்று பொருள். முன்குறியில் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிவப்பு ஒளியிழையைச் செருகுவது, பிடியில் சொரசொரப்பான நாடா ஒட்டுவது, மேகசினின் வில்லைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று பட்டியல் நீளும். இருவரும் ஒத்துக்கொள்ளும் விதி ஒன்றுண்டு. எப்போதும் இயங்கும் துப்பாக்கி, சில வேளைகளில் அற்புதமாக இயங்கும் துப்பாக்கியைவிட மேல். போட்டியின் நடுவே சிக்கிய கூட்டைப் பிடுங்க ஆகும் நான்கு நொடியை எந்த இதமான விசையும் திருப்பித் தராது.

உறையும் இடைவாரும்கூட விதிக்கு உட்பட்டவை. ஓப்பனில், விசைக்காப்பை மட்டும் கவ்வும் எலும்புக்கூடு போன்ற உறையை முன்வயிற்றருகே மாட்டலாம். ப்ரொடக்‌ஷனில் எல்லாம் இடுப்பெலும்பின் முன்விளிம்புக்குப் பின்னே. இடைவாரின் உட்புறத்திலிருந்து 50 மி.மீ.-க்கு மேல் விலகக் கூடாது. போட்டியின்போது க்ரோனோகிராஃப் மேசையில் எட்டுத் தோட்டாக்களை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுப்பார்கள். மூன்றைச் சுட்டு வேகம் பார்ப்பார்கள். மேஜர் என்று அறிவித்துவிட்டு எட்டாவிட்டால் மைனராகக் கணக்கிடப்படும். மைனரையும் எட்டாவிட்டால் சுடலாம், மதிப்பெண் கிடையாது. வீட்டில் தோட்டா தயாரிப்பவருக்கு அந்த மேசையருகே நிற்கும் ஐந்து நிமிடம் தேர்வு முடிவு வரும் காலை போன்றது.

இனி, கண்ணைப் பற்றி. இரும்புக் குறிகளால் சுடுவது எப்படியென்றால், பின்குறியின் பிளவு, முன்குறி, இலக்கு ஆகிய மூன்று தொலைவுகளில் உள்ள மூன்று பொருள்களை ஒரே கோட்டில் வைக்கவேண்டும். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெளிவாகப் பார்க்கும். முன்குறியைத் தெளிவாகவும் மற்ற இரண்டையும் மங்கலாகவும் வைத்துக்கொள் என்பது முதற்பாடம். நாற்பதுக்கு மேல் விழியின் வில்லை இறுகத் தொடங்குகிறது. கையை நீட்டிப் பிடித்த துப்பாக்கியின் முன்குறி, வாசிப்புக் கண்ணாடிக்கும் தூரப் பார்வைக்கும் நடுவிலுள்ள, யாரும் கவனிக்காத ஒரு தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவுதான் எங்களில் மூத்தவருக்குக் கைவிட்டுப் போனது.

ஒரு கோடையில் அவர் மதிப்பெண்கள் மளமளவென்று சரிந்தன. வேகம் குறையவில்லை, ஏ-க்கள் சி-க்களாயின, சி-க்கள் தவறுகளாயின. ப்ரொடக்‌ஷனில் எல்லோருக்கும் மைனர் புள்ளிதான் என்பதால் ஒவ்வொரு சி-யும் இரண்டு புள்ளியை உருவிக்கொண்டு போனது. இளையவர் கேட்டார்: "முன்குறி தெரியுதாண்ணே?" அவர் சொன்னார்: "தெரியுது தம்பி. கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. வேலை அதிகம் என்றார்.

கண்மருத்துவர் ஆதிக்கக் கண்ணுக்கு மட்டும் முன்குறித் தொலைவில் குவியும் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். முன்குறி தெளிந்தது, இலக்குகள் பஞ்சுப் பொதிகளாயின. நடந்து, திரும்பி, ஓடிச் சுடவேண்டிய விளையாட்டில் அப்படி ஒரு கண்ணாடியோடு தரையைப் பார்ப்பதே சங்கடம். சிவப்புப் புள்ளிக் குறி இதற்குச் சரியான மருந்து. சிறிய விளக்கொன்றின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இலக்கின் தொலைவிலேயே மிதப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். இலக்கை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் மருந்து இருந்த இடம் ஓப்பன் பிரிவு. 1990-இல் இளம் வெற்றியாளர்களின் அனுகூலமாக வந்து, அதனாலேயே பணக்காரப் பிரிவுக்குள் ஒதுக்கப்பட்ட அந்தப் புள்ளி, இப்போது மங்கிய கண்ணுக்கு ஊன்றுகோலாகத் தேவைப்பட்டது. ஊன்றுகோலோடு வருபவர் ஓட்டக்காரர்களோடுதான் போட்டியிட வேண்டும் என்றது விதி.

விதி எழுதியவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. கருவியின் பலத்தைக் கட்டுப்படுத்த எழுந்த கோடு அது. முதுமையைக் கணக்கில் கொண்டு எழுந்ததல்ல. ஒரு கோடு எதற்காகப் போடப்பட்டதோ அதை மட்டும் தடுத்து நிற்பதில்லை. அதன் மேல் யார் வந்து மோதுவார் என்பது காலம் கழித்தே தெரியவருகிறது.

2010-களின் நடுவில் யு.எஸ்.பி.எஸ்.ஏ. காரி ஆப்டிக்ஸ் என்ற பிரிவைத் தற்காலிகமாகத் தொடங்கியது. ப்ரொடக்‌ஷன் வகைத் துப்பாக்கி, அதன் ஸ்லைடின் மேல் ஒரு புள்ளிக் குறி, காம்பன்சேட்டர் கிடையாது, மைனர் மட்டும். வேறு காரணங்களும் இருந்திருக்கும். காவலர்களும் பொதுமக்களும் அன்றாடத் துப்பாக்கியில் புள்ளிக் குறியைப் பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். நிறுவனங்கள் அதற்கென்றே ஸ்லைடைக் குடைந்து விற்றன. ஆனால் எங்கள் மைதானத்தில் அப்பிரிவுக்கு முதலில் பெயர் கொடுத்தவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் நரைத்த தலைகள். மூத்தவரும் அவர்களில் ஒருவர். தம் பழைய துப்பாக்கியின் ஸ்லைடைக் குடையக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வாரங்களில், அவர் எங்களுக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் பள்ளி திறப்பதற்கு முன் புத்தகத்துக்கு அட்டை போடும் பையனின் செய்திகளாக இருந்தன.

புள்ளி எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. இரும்புக் குறியில் துப்பாக்கி சற்றுக் கோணலாக எழுந்தாலும் கோணல் கண்ணுக்குத் தெரியும், திருத்திக்கொள்ளலாம். புள்ளிக் குறியில் கோணலாக எழுந்தால் கண்ணாடி வெறுமையாக இருக்கும். புள்ளியைத் தேடி மூக்கை ஆட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். இலேசான சிதறல் பார்வையும் இருந்ததால் அவருக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாமல் காற்புள்ளியைப் போல வால் நீட்டியது; ஒளியைக் குறைத்து வைத்ததும் வால் சுருங்கியது. கையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் புள்ளி ஒளிவுமறைவின்றிக் காட்டும். இதுநாள் வரை தம் கை நடுங்கியது தெரியாமலே சுட்டுக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். சுவரில் ஒட்டிய சிறு தாளை நோக்கி, வெற்றுத் துப்பாக்கியை உறையிலிருந்து கண்மட்டத்துக்கு உயர்த்தும் பயிற்சியை ஒரு குளிர்காலம் முழுக்க இரவுதோறும் செய்தார். கண்ணை மூடி உயர்த்தி, திறந்தால் புள்ளி நடுவில் இருக்கவேண்டும். வசந்தத்தில் இருந்தது.

பிரிவு தன் போக்கில் வளர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். தொடக்கத்தில் துப்பாக்கியின் எடைக்கு 35 அவுன்ஸ் வரம்பு. பின்னர் 45 ஆனது, பின்னர் 59. கனத்த துப்பாக்கி குறைவாக உதைக்கும் என்பதால், செக் நாட்டு சி.செட். ஷேடோ 2 போன்ற எஃகு உடல்கள் உள்ளே வந்தன. பத்துத் தோட்டா வரம்பும் போனது, 141.25 மி.மீ. நீள மேகசின்கள் அனுமதிக்கப்பட்டன. எளியோர்க்கென்று கட்டிய திண்ணையில் வசதி படைத்தோர் வந்து அமர்வது வழக்கம்தான். 2023-இல் லிமிடெட் ஆப்டிக்ஸ் என்ற இன்னொரு பிரிவும் வந்தது. இன்று எங்கள் மைதானத்தில் இரும்புக் குறியோடு வருபவர் சிறுபான்மை. இளையவர் அவர்களில் ஒருவர். இன்னும் சில ஆண்டுகளில் தமக்கும் அந்தத் தொலைவு கைநழுவும் என்று தெரிந்தே, முன்குறி தெளிவாகத் தெரியும் ஒவ்வொரு மாதத்தையும் அவர் செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்களின் மௌனத்துக்கு வருவோம். பாட்டும் காவியமும் படிப்பவர்களுக்கு இந்தக் கருவி எதற்கு என்பது அம்மௌனத்தின் பொருள். எங்களிடம் முழு விடை இல்லை. சில உண்மைகள் உண்டு. ஐ.பி.எஸ்.சி. தன் இலக்கைத் தலையும் தோளும் உள்ள மனித வடிவிலிருந்து மூலைகள் வெட்டிய ஒரு பலகோண வடிவுக்கு மாற்றிக்கொண்டது. இராணுவப் பச்சை உடையில் வருவதை விதிநூல் விரும்புவதில்லை. களத்தில் கட்டளை கேட்கும்வரை துப்பாக்கி வெறுமையாக உறையில் கிடக்கவேண்டும். கட்டளையின்றித் தொட்டாலும், கீழே தவறவிட்டாலும், குழலின் முனை பின்பக்கம் திரும்பினாலும், அன்றைய போட்டி அத்துடன் முடிந்தது; பெயர் பெற்ற வீரனானாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். இவ்வளவு கண்டிப்பு எதற்கென்றால், கையில் இருப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் தப்பாத வேறொன்று உண்டு. 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் அவர்களின் ஆசிரியையையும் ஒருவன் கொன்றான். அவன் பயன்படுத்திய கைத்துப்பாக்கிகள் உரிமத்தோடு வைத்திருந்தவை. மறு ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு ஏறக்குறைய முழுதாகத் தடைசெய்தது. அங்கே இவ்விளையாட்டின் கைத்துப்பாக்கிப் பகுதி அத்தோடு நின்றது. ஒரு விளையாட்டுக்கும் பதினாறு குழந்தைகளுக்கும் இடையே தராசு பிடிக்க எங்களுக்குத் துணிவில்லை. நாங்கள் வாழும் நாடு வேறொரு முடிவை எடுத்திருக்கிறது. அந்த முடிவின் விலையையும் செய்தித்தாள்களில் வாசித்துக்கொண்டேதான் மாதந்தோறும் மைதானத்துக்குப் போகிறோம். துப்பாக்கியின் மில்லிமீட்டரை இத்தனை நுட்பமாக அளக்கத் தெரிந்த நாங்கள், அது யார் கையில் இருக்கவேண்டும் என்பதற்கான அளவுகோலில் மட்டும் இவ்வளவு சோம்பியிருப்பது சரியல்ல என்று இருவரும் பேசிக்கொள்வதுண்டு. மைதானத்தில் இதைச் சொன்னபோது சிலர் முகம் திருப்பினார்கள். சிலர் தனியே வந்து கை குலுக்கினார்கள்.

எல்லைகளை வெறுப்பவர்களும் எல்லைகளே எல்லாம் என்பவர்களும் எங்கள் மைதானத்தில் இருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் எங்களுக்குப் புரிந்தது இது: கருவிக்கு எல்லை வேண்டும், இல்லாவிட்டால் பணம் வென்றுகொண்டிருக்கும், அந்த எல்லை அவ்வப்போது எழுந்து யாரைத் தடுத்து நிற்கிறோம் என்று தானே பார்த்துக்கொள்ளவும் வேண்டும். காரி ஆப்டிக்ஸ் திண்ணையில் இப்போது இருபது வயது வீரர்கள் அமர்ந்துவிட்டார்கள். மூத்தவர் அவர்களுக்குப் பின்னால் பட்டியலின் நடுவில் எங்கோ இருக்கிறார். அதுபற்றி அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. சென்ற மாதம் அவர் சரியாக 62 சதவீதம் எடுத்தார். 'பி' வகுப்புக்கு அது போதாது. வகுப்பை முடிவுசெய்வது பல களங்களின் சராசரி. இன்னும் மூன்று நல்ல களங்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாளை வாசிக்க மட்டும் அவருக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது.